அக்கா வீட்டு வாசலுக்கு எந்தக் கல்? ஃபிலைட், சிலேட், கடப்பா, கிரானைட்

போன வருடம் தை மாதம் அக்கா ஒரு போட்டோ அனுப்பினாள். கல் கடையில் சாய்த்து வைத்திருந்த ஒரு பலகை. சாம்பல் நிறம்தான், ஆனால் பழைய பட்டுப்புடவையின் உள்பக்கம்போல ஒரு மினுக்கு. காற்று தொட்ட குளத்துத் தண்ணீர் மாதிரி மேலே மெல்லிய சுருக்கங்கள். போட்டோவுக்குக் கீழே ஒரு வரி: "சில்வர் சிலேட்டாம். படி, போர்ட்டிகோ, முன்பக்க எலிவேஷன் எல்லாத்துக்கும் இதையே போட்டுடலாமாடா?"

அவள் வீடு கட்டிக்கொண்டிருந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். கிழக்குப் பார்த்த மனை. கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். கிழக்கு வாசலும் பக்கத்துக் கடலும்தான் கடைசியில் கல்லைத் தீர்மானித்தன என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

நான் உடனே பதில் போடவில்லை. அந்தக் கல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. பத்து வருடத்துக்கு முன் லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு போர்ட்டிகோ தரைக்கு இதே 'சில்வர் சிலேட்' வாங்கிப் போட்டேன். முதல் ஆறு மாதம் வந்தவர்கள் எல்லாம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். அப்புறம் தரை துடைக்கும் துணியில் வெள்ளித்தூள் ஒட்ட ஆரம்பித்தது. பலகைகளின் ஓரம் பொரித்த அப்பளம்போலச் செதில் செதிலாகக் கிளம்பியது. ஒரு செதில் பையனின் குதிகாலில் ஏறியது. மூன்றாவது மழைக்காலத்தில் இரண்டு பலகைகளில் டீ சிந்தியது போலத் துருக்கறை வழிந்தது. கடைக்காரரிடம் கேட்டால், "நேச்சுரல் கல் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். பொய் சொல்லவில்லை. ஆனால் வாங்கும்போது சொல்லியிருக்கலாம்.

தப்பு கல்லிலா, நான் அதைப் போட்ட இடத்திலா என்று தெரிந்துகொள்ளத்தான் அப்போது தேடிப் படித்தேன். அக்காவுக்கு அதுதான் உதவியது.

கடையில் சிலேட், உண்மையில் ஃபிலைட்

முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊர்க் கல் கடைகளில் மெல்லிய பலகையாகப் பிளந்து வரும் சாம்பல் கல் எல்லாமே சிலேட்தான். அக்கா பார்த்தது சிலேட் இல்லை. அதற்கு அடுத்த படியில் இருக்கும் ஃபிலைட். கிரேக்க மொழியில் இலை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். இலை இலையாகப் பிரியும் என்பதால் பொருத்தமான பெயர்தான்.

இரண்டுக்கும் பிறப்பிடம் ஒன்று: கடலடியில் படிந்த மிக நுண்ணிய சேறு. அது இறுகிக் களிப்பாறை ஆகிறது. மலைகள் எழும்போது ஏற்படும் நெருக்கத்திலும் சூட்டிலும் அந்தக் களிப்பாறை மெல்ல வேகிறது. சுமார் 200 முதல் 300 டிகிரி வரை வெந்தால் சிலேட். 300-ஐத் தாண்டி 400 டிகிரி பக்கம் போனால் ஃபிலைட். இன்னும் வெந்தால் சிஸ்ட். ஒவ்வொரு படியிலும் களிமண் கனிமங்கள் மாறி மைக்கா வளர்கிறது. நம் பாட்டிமார் காக்காப்பொன் என்பார்களே, அதேதான். சிலேட்டில் இந்த மைக்கா கண்ணுக்கே தெரியாது, கல் மங்கலாக இருக்கும். சிஸ்ட்டில் ஒவ்வொரு தகடும் தனித்தனியாக ஜிகினாபோல மின்னும். ஃபிலைட் இரண்டுக்கும் நடுவில். தகடுகளைத் தனியாகப் பார்க்க முடியாது, ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரு பட்டு மினுக்கைத் தரும். மைக்காவோடு குவார்ட்ஸும் குளோரைட்டும் கலந்திருக்கும். குளோரைட் கூடுதலாக இருந்தால் கல்லில் பச்சை ஏறும்.

ஏன் பலகையாகப் பிளக்கிறது? ஒரு கை அவலை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தகடுகள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக்கொள்ளும். அதேபோல மைக்காத் தகடுகள் அழுத்தத்துக்குக் குறுக்கே வரிசையாகப் படுத்துவிடுகின்றன. அந்த வரிசையில் உளி வைத்துத் தட்டினால் கல் பிளக்கிறது. தட்டுபவனுக்கு எது வசதியோ, தண்ணீருக்கும் அதுவே வசதி. டார்ஜிலிங் மலைச்சரிவுகளில் டாலிங் வரிசை என்ற பாறைத் தொகுதியின் ஃபிலைட் நிறைய உண்டு. மழைக்காலத்தில் அங்கே நிலம் சரிவதற்கு இந்த இலையடுக்கும் ஒரு காரணம். அடுக்குக்குள் தண்ணீர் புகுந்தால் மைக்கா வழுக்கிக் கொடுக்கும். ஒரு மலையே சரியும்போது என் போர்ட்டிகோ ஓரம் எம்மாத்திரம்.

கடப்பா இந்தக் குடும்பமே இல்லை. அது சுண்ணாம்புக் கல். அது பிளப்பது, படிந்த காலத்தில் உண்டான அடுக்குகளில். கிரானைட்டுக்கு அடுக்கே கிடையாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்த ஃபிலைட் ஏன் நம் பக்கத்தில் கிடைப்பதில்லை என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்வி. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் அடியில் இருப்பது கடலூர் மணற்கல். கோரிமேட்டிலும் ஆரோவில் பக்கமும் சிவப்பாகத் தெரிகிறதே, அது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடப்பதும் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கிடைப்பதும் அதற்குள்தான். வேகவே வேகாத, வயதில் சின்னப் பாறை. மேற்கே செஞ்சி, திண்டிவனம் பக்கம் போனால் எதிர் ஓரம்: கிரானைட், வரியோடிய நைஸ் பாறை, சார்னோகைட். சார்னோகைட் எல்லாம் 700 டிகிரிக்கு மேல் வெந்த கல். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஆங்கிலேய வணிகர் ஜோப் சார்னாக்கின் அங்குள்ள கல்லறைக்குப் பல்லாவரத்திலிருந்து போன கல் அது. அதனால்தான் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-ல் சார்னாக்கின் பெயரையே அதற்கு வைத்தார். ஆக, நம் பக்கத்துக் கல் ஒன்று வேகாதது, இல்லையென்றால் கரிந்தே போனது. பதமாக வெந்த ஃபிலைட்டுக்கு ஆந்திராவின் நல்லமலைப் பக்கமோ, ராஜஸ்தானோ, இமயமலை அடிவாரமோதான் போக வேண்டும். கல் சிலேட்டுகளுக்குப் பெயர்போன மார்க்காபூரும் அந்த நல்லமலை வரிசையில்தான் இருக்கிறது. பல்பத்தை எச்சில் தொட்டு அழித்த தலைமுறைக்கு அந்தக் கல் ஏற்கனவே அறிமுகம்.

தரையில் யார் தாங்குவார்கள்

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். படியும் போர்ட்டிகோ தரையும் முதலில்.

கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் வரிசையில் அது 7. மைக்கா 2.5 முதல் 3. கடப்பாவில் இருக்கும் கால்சைட் 3. கிரானைட்டில் ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. சோலை நகர்க் கடற்கரையில் காலாற நடந்துவிட்டுச் செருப்போடு திரும்பி வரும் ஒவ்வொருவரும் உப்புத்தாளைக் காலில் கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிலைட்டும் கடப்பாவும் தேய்கின்றன, கிரானைட் கண்டுகொள்வதில்லை. ஃபிலைட்டில் இன்னொரு கஷ்டம், அது ஒரே சீராகத் தேயாது. குவார்ட்ஸ் வரிகள் நிற்கும், மைக்கா வரிகள் குழியும். நடமாட்டம் அதிகமான பாதையில் மினுக்கு போய், வழவழப்பு வந்துவிடும். பிளந்த மேற்பரப்பு புதிதில் காலுக்கு நல்ல பிடிப்பு என்பது உண்மை. சோப்புத் தண்ணீரும் தேய்ந்த மைக்காவும் சேர்ந்தால் அந்தப் பிடிப்பு போய்விடுகிறது. அறுபதைத் தொட்ட அத்தான் வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது?

அடுத்தது கோலம். கட்டுமானக் கட்டுரைகளில் இதைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை, ஆனால் நம் வாசலில் தினமும் நடக்கும் சோதனை இதுதான். காலையில் தண்ணீர் தெளித்து, பெருக்கி, மாவு இழை இழுக்கிறோம். கடப்பாவின் கருப்பில் கோலம் பளிச்சென்று தெரியும். அதில் அதை அடிக்க ஆளில்லை. ஃபிலைட்டின் வெள்ளி மினுக்கில் வெள்ளை மாவு பாதி காணாமல் போகிறது. இருப்பதும் சுருக்கங்களுக்குள் புகுந்து, பெருக்கினாலும் போகாமல், எறும்புக்கு அன்னதானம் ஆகிறது. எங்கள் வீட்டில் மனைவி கடைசியில் போர்ட்டிகோவை விட்டுவிட்டுத் தெருவின் சிமெண்டில் போய்க் கோலம் போட ஆரம்பித்தாள். கல் வாங்கும்போது அவளைக் கேட்காதது என் தப்பு.

கார்த்திகைக்கு வரிசையாக வைக்கும் அகல்விளக்கும் அப்படித்தான். எண்ணெய் சொட்டினால் கிரானைட்டில் துடைத்தெடுக்கலாம். ஃபிலைட்டின் மேற்பரப்பில் அது அடுக்கின் ஓரத்தில் இறங்கிக் கருவட்டமாக நின்றுவிடும். கல்லுக்குள் ஊறி நுண்துளைகளை அடைக்கும் சீலர் அடித்தால் தாங்கும், ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். யார் அடிக்கிறார்கள்? நான் ஒரே ஒரு தடவை அடித்தேன்.

சூடு பற்றி ஒரு வார்த்தை. அக்கினி நட்சத்திரத்தில் நிழல் இல்லாத இடத்தில் அடர்நிறக் கல் எதுவும் வெறும் காலுக்கு ஆகாது. கடப்பா, குன்னம் கருப்பு என்று விற்கும் கருப்புக் கிரானைட், சிலேட், ஃபிலைட் எல்லாம் ஒன்றுதான். வெளிர் சாம்பல் கிரானைட் கொஞ்சம் பரவாயில்லை. போர்ட்டிகோவுக்குக் கூரை இருந்தால் இந்தக் கவலை பாதி குறைந்துவிடும்.

அப்போ நிஜ சிலேட் போடலாமே என்று அத்தான் கேட்டார். ஃபிலைட்டை விட நெருக்கமான கல், தண்ணீர் குறைவாகக் குடிக்கும், செதில் குறைவு. தரைக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சிலேட் என்பேன். ஆனால் உள்ளூர்ச் சந்தையில் துரு நிறங்கள் கலந்து 'மல்ட்டி கலர்' என்று விற்பதில் இரும்பு அதிகம். அந்தச் செம்பழுப்பு அழகே இரும்புத் துருதான். கடல் காற்றில் அது எந்தத் திசையில் வழியும் என்று சொல்ல முடியாது.

கடப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நாங்கள் வளர்ந்த வீட்டில் பரண், அலமாரித் தட்டு, துவைக்கிற கல், சமையல் மேடை எல்லாமே கடப்பாதான். விலையிலும் இந்த நால்வரில் அதுதான் மலிவு. ஆனால் வெளியில் வெயிலும் மழையும் பட்டால் கருப்பு சில வருடங்களில் சாம்பலாக வெளுத்துவிடும். எலுமிச்சை, புளி, பாத்ரூம் கழுவும் ஆசிட் எதுவும் ஆகாது, சுண்ணாம்புக் கல் அரித்துவிடும். உப்புத் தண்ணீரையும் உள்ளே இழுத்து வெள்ளையாகப் பூக்கும். உள்ளே, நிழலில், தட்டுக்கும் திண்டுக்கும் கடப்பா. வாசலுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

கிரானைட்டுக்கு எங்களிடம் ஒரு நல்ல சாட்சி இருந்தது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்கிய தூண்கள். செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்று சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக உப்புக் காற்றுக்கு நேரே நிற்கின்றன. செதுக்கல் இன்னும் கைக்குத் தெரிகிறது. அக்காவை ஒரு மாலை அங்கே அழைத்துப்போய்த் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் சுண்டல் வாங்கிக்கொண்டு, "சரி, தரைக்கு கிரானைட். ஆனா சுவருக்கு என் கல்லுதான்" என்றாள்.

தரைக்கு எடுத்தது சாம்பல் நிறக் கிரானைட், மேல் பக்கம் தீ காட்டிச் சொரசொரப்பாக்கியது. கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் சூட்டில் வெடித்துத் தெறிப்பதால்தான் அந்தச் சொரசொரப்பு வருகிறது. குன்னம் கருப்பில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. கடையில் கிரானைட் என்றாலும் புவியியலில் அது டோலரைட். அதனால் அதற்குப் பாலிஷும் லெதர் ஃபினிஷும்தான் பொருந்தும். ஃபிலைட்டுக்குத் தீ காட்டவே கூடாது, செதில் செதிலாகக் கழன்றுவிடும்.

சுவர் என்றால் கதை வேறு

சுவரில் யாரும் நடப்பதில்லை, எண்ணெய் சொட்டுவதில்லை, கோலம் போடுவதில்லை. தரையில் ஃபிலைட்டுக்கு எதிராக நான் சொன்னதில் முக்கால்வாசி இங்கே அடிபட்டுப்போகிறது. கிரானைட் சுவரில் போட்டால் வங்கிக் கட்டடம் மாதிரி இருக்கும். கடப்பா வெளுத்துவிடும். சிலேட் மங்கல். தொட்டால் பட்டுபோலவும் வெளிச்சம் சாய்ந்தால் உயிர் வந்ததுபோலவும் இருக்கும் கல் இந்த நான்கில் ஃபிலைட் ஒன்றுதான். அக்காவின் கண் தப்பாகப் பார்க்கவில்லை.

ஆனால் எந்தச் சுவர் என்பதில் ஒரு சிக்கல். அவள் கேட்டது கிழக்கு எலிவேஷன் முழுவதும், அதாவது கடலுக்கு நேர் முகம். காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு கல்லின் இலையடுக்கில் இறங்கும். ஈரம் காயும்போது உப்புப் படிகம் வளர்ந்து அடுக்கைப் பிரிக்கும். மறுநாள் ஈரம், மறுநாள் காய்ச்சல். ஆப்பு வைத்துக் கல் பிளப்பது மாதிரிதான், ஆப்பு மட்டும் ரொம்பச் சிறியது. அதோடு புயல். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை ஏறியது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் குத்துகிறது. பலகைக்குப் பின்னால் ஒரு விரல் சந்து இருந்தாலும் தண்ணீர் அங்கே குடியேறிவிடும்.

எடையையும் யாரும் யோசிப்பதில்லை. 20 மி.மீ. தடிப்புள்ள ஃபிலைட் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. 12 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் 600 கிலோ. ஒரு பழைய மாருதி 800-ஐச் சுவரில் ஒட்டவைப்பதற்குச் சமம். அதை மேஸ்திரி சிமெண்ட் பாலும் நம்பிக்கையும் வைத்து ஒட்டப் பார்க்கிறார்.

இதற்கு வெளியில் சொல்லும் மாற்று இரண்டு. ஒன்று, ஃபிலைட் படம் அச்சிட்ட விட்ரிஃபைடு டைல். உப்பு, மழை, எண்ணெய் எதுவும் அதை அசைக்காது; நியாயமாகச் சொன்னால் பராமரிப்பில் அதுதான் முதல். ஆனால் நாலாவது டைலில் அதே சுருக்கம், அதே வரி திரும்ப வரும்போது கண் கண்டுபிடித்துவிடுகிறது, அப்புறம் அதை மட்டும்தான் பார்க்கும். இன்னொன்று, ஸ்டோன் வெனீர்: இதே மைக்காக் கல்லிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. தோலை ரெசினும் கண்ணாடி இழையும் வைத்து உரித்து எடுத்த தாள். எடையே இல்லை. வீட்டுக்குள் டிவி சுவருக்கும் அலமாரிக் கதவுக்கும் அருமை. கடலோர வெயிலில் வெளியே ஒட்ட எனக்குத் துணிவில்லை.

வழி காட்டியது வெளிச்சம்தான். மைக்கா மினுக்கு நேர் வெயிலில் தெரியாது; நேராக அடித்தால் ஃபிலைட்டும் சிமெண்டும் ஒன்றுதான். சுவரை உரசிக்கொண்டு சாய்வாக வரும் வெளிச்சத்தில்தான் அந்தச் சுருக்கங்களும் பட்டும் எழுந்து வரும். அப்படியானால் கிழக்குப் பார்த்த சுவர் இந்தக் கல்லுக்கு அழகுக்கும் சரியில்லை, ஆயுளுக்கும் சரியில்லை. கிழக்கு மேற்காக ஓடும் பக்கச் சுவர்தான் சரி. உதிக்கும் சூரியன் அதைத்தான் உரசும்.

போர்ட்டிகோவுக்கு வடபுறம் அப்படி ஒரு சுவர் இருந்தது, முகம் தெற்குப் பார்த்தது. புரட்டாசி முதல் வாரம் தொட்டு பங்குனி வரை சூரியன் நேர் கிழக்குக்குத் தெற்கே தள்ளி உதிக்கிறது. அந்த மாதங்கள் முழுக்கக் காலை வெளிச்சம் அந்தச் சுவரில் சாயும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கொண்டுவரும் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. இந்தச் சுவரின் முகம் அதற்கு மறைவு. தலைக்கு மேல் போர்ட்டிகோ கூரை. ஒரே ஒரு எச்சரிக்கை: கூரைக்கு அடியில் இருக்கும் சுவரை மழை கழுவாது, அதனால் உப்பு அங்கே அதிகம் தங்கும். மாதம் ஒருமுறை தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். போர் தண்ணீர் அல்ல. கடலோரத்தில் பல இடங்களில் அதுவே உப்பு. குழாயில் வரும் குடிநீர்.

வாங்கும்போது

பெயரை நம்பாமல் கல்லைச் சோதித்து வாங்க வேண்டும் என்பது லாஸ்பேட்டைப் பாடம். பலகையை ஓரமாகப் பிடித்து விரல் முட்டியால் தட்டினால் மணிபோலக் கேட்க வேண்டும். சட்டிபோல் மொத்தென்று கேட்டால் உள்ளே பிளவு. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் வெள்ளித்தூள் ஒட்டக் கூடாது. கல்மேல் வாயால் ஊதி மோந்தால் மண் வாசனை தூக்கலாக வரக் கூடாது. வந்தால் சரியாக வேகாத களி இன்னும் இருக்கிறது. தங்கம்போல மின்னும் சின்னச் சதுரப் புள்ளிகள் தெரிந்தால் அது பைரைட். பின்னாளில் துருக்கறையாக வழிவது அதுதான். என் போர்ட்டிகோக் கல்லில் அவை இருந்தன. அழகு என்று நினைத்து அந்தப் பலகைகளை நானே பொறுக்கி எடுத்தேன்.

தண்ணீர்ச் சோதனைக்கு ஒரு நாள் வேண்டும். கட்டடங்களுக்குப் போடும் சிலேட்டுக்கு அமெரிக்கத் தர விதியான சி 629 வெளிப்புறத்துக்கு 0.25 சதவீதம், உள்புறத்துக்கு 0.45 சதவீதம் வரைதான் தண்ணீர் உறிஞ்சலை அனுமதிக்கிறது. ஃபிலைட்டுக்கும் அதையே அளவுகோலாகப் பிடித்துக்கொள்ளலாம். நன்றாகக் காய்ந்த 2 கிலோ துண்டை சமையலறைத் தராசில் நிறுத்து, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி நிறுங்கள். 5 கிராமுக்கு மேல் ஏறினால் வெளிச்சுவருக்கு வேண்டாம். அக்கா முதலில் பார்த்த கடையின் துண்டு 13 கிராம் ஏறியது. இரண்டாவது கடையில் கொஞ்சம் பச்சையோடிய கல், 4 கிராம். பார்வைக்கு முதல் கல்தான் அழகு என்று அவள் இன்னமும் சொல்கிறாள்.

நான் இன்னொன்றும் செய்தேன், கொஞ்சம் கிறுக்குத்தனம்தான். நாலு கல்லிலும் ஒவ்வொரு துண்டை இரவெல்லாம் கல்லுப்புக் கரைசலில் ஊறப்போட்டு, பகலெல்லாம் மொட்டைமாடியில் காயவைத்தேன். இருபது நாள். கிரானைட் அசையவில்லை. கடப்பா வெள்ளை பூத்தது. சிலேட்டில் ஓரம் லேசாகச் சொரசொரத்தது. 13 கிராம் குடித்த ஃபிலைட்டின் ஓரம் புத்தகம்போல விரிந்தது. 4 கிராம் ஃபிலைட்டில் ஒரு மூலையில் மட்டும் ஒரு செதில். இது ஆராய்ச்சிக்கூடச் சோதனை இல்லை, ஒரு துண்டு கெட்டதை வைத்து ஒரு சுரங்கத்தையே தள்ளிவிட முடியாது. ஆனாலும் அக்கா வாயை அடைத்தது அந்த விரிந்த புத்தகம்தான்.

செலவில் ஃபிலைட் கல் விலையோடு நிற்காது. லாரியில் வரும் தூரம், வழியில் உடைவது, தடிப்பு ஒரே சீராக இல்லாததால் மேஸ்திரிக்கு ஆகும் கூடுதல் நாள், சீலர் எல்லாம் சேரும். பின்பக்கம் அறுத்துச் சமமாக்கிய பலகையாகக் கேட்டு வாங்கினால் கல்லுக்குக் கூடுதலாகக் கொடுப்பதைக் கூலியில் மிச்சம் பிடிக்கலாம். அளவுக்கு மேல் கொஞ்சம் அதிகமாகவே வாங்க வேண்டும். பிறகு அதே நிறம் கிடைக்காது.

ஒட்டும் வேலையில் மேஸ்திரியோடு ஒரு நாள் முழுக்கப் பேச்சுவார்த்தை. "நாப்பது வருஷமா சிமெண்ட்லதான்ண்ணே ஒட்டறோம்" என்றார். மைக்காவில் சிமெண்ட் பிடிக்காது என்பதை அவருக்கு வாயால் சொல்ல முடியவில்லை, காட்டத்தான் வேண்டியிருந்தது. ஒரு துண்டைச் சிமெண்டில் ஒட்டி, இரண்டாம் நாள் கழற்றினேன். சிமெண்டோடு ஒரு மெல்லிய மைக்காத் தோல் மட்டும் உரிந்து வந்தது. அப்புறம் அவரே பலகையின் பின்பக்கத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூள் போகக் கழுவி, பாலிமர் கலந்த டைல் பசையை அங்கங்கே உருண்டை வைக்காமல் முழுப் பரப்பிலும் பூசி ஒட்டினார். எட்டு அடிக்கு மேலே போன வரிசைகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு கொக்கிகள். கடல் பக்கம் என்பதால் 316 வகை. சாதாரண 304 போட்டால் உப்புக் காற்றில் கறை விடும். பளபளப்பு சீலர் வேண்டாம் என்று எழுதியே கொடுத்தேன். அது ஈரத்தை உள்ளே பூட்டிவைத்துவிடும்.

மொட்டைமாடிக்கும் இதே கல் மிச்சத்தைப் போடலாமா என்ற கேள்வி எழுந்து, எழுந்த வேகத்திலேயே அடங்கியது. வெள்ளைக் குளிர் டைல் போட்டாயிற்று. சமையல் மேடை கருப்பு கிரானைட், அலமாரித் தட்டு கடப்பா.

கிரகப்பிரவேசம் ஆவணியில். அந்த மாதம் சூரியன் இன்னும் வடக்கே தள்ளித்தான் உதிக்கிறது என்பது எங்கள் கணக்கில் விட்டுப்போயிற்று. பந்தி நடக்கும்போது சுவர் சிமெண்ட் பூச்சுபோல மங்கலாக நின்றது. பெரியப்பா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா தம்பி இருபது நாள் உப்புல ஊறப்போட்டே?" என்று கேட்டார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மார்கழி முதல் வாரத்தில் காலை ஆறே முக்காலுக்கு அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. சாம்பல் கிரானைட் வாசலில் பூசணிப்பூ வைத்த கோலம், இழை தெளிவாக. பக்கத்துச் சுவரில் அந்தப் பட்டு முழுசாக எழுந்து நின்றது. கீழே ஒரு வரியும் இல்லை. பெரியப்பாவுக்கும் அனுப்பியிருக்கிறாள் என்று பின்னால் தெரிந்தது.

மீதி வந்த 5 பலகைகளை மாடிப்படிக்கு அடியில் மரச்சட்டத்தில் நிறுத்திவைத்திருக்கிறோம், படுக்கப்போட்டு அடுக்கினால் அடியில் இருப்பது விரிந்துவிடும் என்பதால்.